வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் வந்த படகுகள்

என் கணவர் விளையாட்டில் ஒருநாளும் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை. மேப்பில் கடல் இருந்தாலும் சரி, பெரிய குளம் இருந்தாலும் சரி, அவர் தரையிலேயே நின்று மரம் வெட்டுவார், ஆடு பிடிப்பார், கல் உடைத்துத் தன் ஊரைச் சுற்றி மதில் கட்டுவார். மதில் முடியும்வரை ஒரு படைவீரனைக்கூட வெளியே அனுப்பமாட்டார். "முதல்ல வாசல அடைக்கணும் புள்ள" என்பார். அப்படிப்பட்டவருடைய ஆட்கள் ஒரு வெள்ளிக்கிழமை நேரே குளக்கரைக்குப் போய்த் துறை கட்டி, மீன்பிடிப் படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். நான் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு டீவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கட்டாரில் ஒரு அலுமினியப் பட்டறையில் வேலை. நான் ஏறாவூரில், வாவிப் பக்கத்து ஒழுங்கையில், எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறேன். காலையில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்யாணம் முடித்த அடுத்த லீவில் அவர் ஒரு கேம் பெட்டியைப் பெட்டிக்குள் பெட்டியாகச் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் டீவியில் கொழுவினார். அதே மாதிரி இன்னொன்று அங்கே அவருடைய அறையிலும் இருந்தது. இரண்டும் ஆரோ பாவித்தவை. "போன்ல எவ்வளவு நேரம்தான் சோறு திண்டிங்களா, கறி என்ன எண்டு கேக்கிற? ஒண்டா விளையாடினா ஒண்டா இரிக்கிற மாதிரி" என்றார்.

அது ஊர் கட்டிப் படை நடத்தும் விளையாட்டு. ஒருவர் ஆடி முடிய மற்றவர் ஆடுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். தொடக்கத்தில் ஒரு மண்டபமும் சில கிராமத்தாரும் ஒரு குதிரைக்காரனும் மட்டும் தருவார்கள். மற்ற மேப் முழுக்கக் கறுப்பு. குதிரைக்காரன் போய்ப் பார்த்த இடம் மட்டும் வெளிக்கும். அவன் அங்கால போனதும் அந்த இடம் திரும்பவும் மங்கிவிடும். அங்கே இப்போது என்ன நடக்கிறது என்று தெரியாது. கம்ப்யூட்டரில் மவுஸ் வைத்து ஆடுகிறவர்களுக்கு இது சுகமாம். எங்களுக்கு இரண்டு கட்டைவிரலும், கண்ட்ரோலரின் மேல் விளிம்பில் கிடக்கும் பொத்தான்களும்தான். வலது பக்கத்து மேல் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் கட்டடங்களின் படங்கள் வட்டமாக விரியும். அதிலிருந்து வேண்டியதைத் தெரிய வேண்டும். பழக எனக்குக் கன நாள் எடுத்தது.

பழகிய பிறகு ஒன்று தெரிந்தது. அந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மரம் வெட்டுவதற்கு முதலே குதிரைக்காரனை அனுப்பி மூலை மூலையாகப் பார்ப்பேன். எதிரி என்ன கட்டுகிறான், எதற்காகக் கட்டுகிறான் என்று தெரியாமல் என்னால் ஒரு வீடுகூடக் கட்ட முடியாது. அவர் சிரிப்பார். "உனக்கு ஆரயும் நம்பேலாது. ஆட்டுக்குட்டியக் கண்டாலும் உளவு பாக்கிறாய்."

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. இங்கே பின்னேர அஸர் தொழுது முடிகிற நேரம் அங்கே ஜும்மா முடிந்து சாப்பிட்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, முகம் தெரியாத வேறு இரண்டு பேரோடு ஒன்லைனில் மோதுவோம். நான் படை நடத்துவேன், அவர் மதில் கட்டுவார். காதில் மாட்டிய மைக்கில் இடைவிடாமல் கதைத்துக்கொண்டே இருப்பார். பாதிப் போட்டி அந்தக் கதையிலேயே தோற்றுப்போகும்.

அந்தப் படகு வெள்ளிக்கிழமை மைக் இல்லை. "பழுதாப் போச்சு, சும்மா ஆடுவம்" என்று முதலே வொய்ஸ் அனுப்பியிருந்தார். நாங்கள் வென்றோம். சாதாரணமாக வெல்லவில்லை, எதிரிகள் இரண்டு பேரும் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். முடிந்ததும் போன் எடுத்தேன்.

"என்ன மச்சான் இண்டைக்கு மீன்பிடி?"

"சும்மா... பாப்பமெண்டுதான்."

"எப்ப பழகின?"

"வீடியோ ஒண்டு பாத்தன் புள்ள. சரி, வைக்கட்டா? உடுப்புக் கழுவக் கிடக்கு."

உடுப்புக் கழுவ வியாழக்கிழமை போடுகிறவர் அவர்.

அடுத்த வெள்ளியும் படகுகள் வந்தன. இந்த முறை என் ஆட்களைக் கிராமத்திலேயே நிறுத்திவிட்டு அவருடைய ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்து ஆட்கள் என்பதால் அவருடைய பக்கம் எனக்கு மறைவில்லை. படகுகள் வலை போட்டதுபோல இடைவெளி விட்டுப் பரவி நின்றன. வீடுகள் நேர்வரிசையில் எழும்பின. என் கணவர் வீடு கட்டினால் கொட்டிய சோறு மாதிரி கிடக்கும். பெரிய விஷயங்கள் எல்லாம் அவர் வழமையாகச் செய்கிறவைதான்: மதில் வந்தது, வடக்குப் பக்கம்தான் வாசல் விட்டிருந்தது, வில்லாளரைவிட ஈட்டிக்காரருக்குத்தான் முதலிடம். முடிவு அவருடையது. கை மட்டும் வேறு.

கையெழுத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையின் கொப்பி என்று சொல்கிற வேலை எனக்கு. நான்கு வயதுப் பிள்ளை வரைகிற கோட்டிலும் ஆள் தெரியும். அந்த ஊரைக் கட்டியது என் கணவர் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆர் என்பதில்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கத் தொடங்கினேன். முந்தி நீள நீளமாக எழுதி அனுப்புகிறவர், இப்போது எல்லாம் வொய்ஸ். ஒரு 'ஓம்' சொல்வதற்கும் வொய்ஸ். வீடியோவில் வந்தால் முகம் மட்டும், அதுவும் கழுத்துக்கு மேலே. முந்தி போனைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு அறையெல்லாம் நடந்து திரிவார். இப்போது கையிலேயே பிடித்திருந்தார். பெருநாளுக்கு அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். அறைக்காரர்களோடு நிற்கிறார். புதுச் சேட்டு. மற்றவர்கள் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருக்க, இவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தபடி, ஓரமாக. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு மாதிரி வெளிறிப்போன சிரிப்பு. குற்றம் செய்தவரின் சிரிப்பு என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

என் மூத்த சகோதரி, ராத்தா, அடுத்த வளவில்தான் இருக்கிறாள். வாய்விட்டுச் சொல்ல எனக்கு அவளைத் தவிர ஆளில்லை. அவளுடைய கணவர் நெல் வாங்க வவுணதீவுக்குப் போயிருந்த ஒரு பகல், அவள் வீட்டுக் குசினியில் இறால் உரித்துக்கொண்டு சொன்னேன். அவள் கேமைப் பற்றி ஒன்றுமே விளங்காதவள். ஆனால் கதை முடியமுதலே இறாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வீடெல்லாம் வரிசையாக் கட்டுதா?"

"ஓம்."

"ஆம்புள வரிசையாக் கட்டுவானா கா? அது ஒரு பொம்புளட கை."

"ராத்தா, இது விளையாட்டு."

"விளையாட்டுத்தான். ஆனா அந்த மிசினுக்கு முன்னால ஆரோ ஒரு ஆள் இரிக்கி. உண்ட மாப்பிள்ளைக்குப் பக்கத்தில, அவர்ர அறையில. ஆரெண்டு கேளு."

"அறையில ஆம்புளைகள்தான். நாலு பேர்."

"நீ போய்ப் பாத்தியா?"

நான் போய்ப் பார்க்கவில்லை. அதுதான். வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்தேன். பாலர் பாடசாலைக்கு அடுத்த நாள் போனபோது ஒரு பிள்ளை தன் பென்சிலைக் காணவில்லை என்று அழுதது. எல்லாப் பிள்ளைகளின் பையையும் திறந்து பார்க்கச் சொன்னேன். பென்சில் அந்தப் பிள்ளையின் காதில்தான் செருகியிருந்தது. கூடப் படிப்பிக்கிற டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நேரே கேட்டிருக்கலாம். ஆனால் நேரே கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்: 'சும்மா', 'ஒண்டுமில்ல', 'வீடியோ பாத்தன்'. அந்தப் பதில்களைக் கேட்டுவிட்டு அதற்கு மேல் நான் என்ன செய்வேன்? கையில் ஏதாவது பிடிபட்ட பிறகுதான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வெள்ளி வரும்போது ஒரு யோசனை வந்திருந்தது. "இண்டைக்கு நானும் நீங்களும் எதிரெதிரா ஆடுவம்" என்று வொய்ஸ் போட்டேன். பதில் வர நேரமெடுத்தது. "ஏன் புள்ள, ஒரே பக்கம் நல்லாத்தானே இரிக்கி?" என்று கேட்டார். குரலில் விருப்பமில்லை. "ஆசையா இரிக்கி" என்றேன். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை.

டீவியின் பக்கத்தில் போனைச் சாத்திவைத்தேன். ஆட்டம் தொடங்கியது. இந்த முறை அவருடைய பக்கம் எனக்குக் கறுப்பு. குதிரைக்காரனை நேரே குளத்தைச் சுற்றி அனுப்பினேன். எதிர்பார்த்த இடத்திலேயே துறை. எதிர்பார்த்த மாதிரியே படகுகள், இடைவெளி விட்டு. என் குதிரைக்காரனைக் கரையிலேயே நிறுத்திவைத்தேன், அந்த இடம் மங்காமல் இருக்க. மரமும் வெட்டவில்லை, படையும் கட்டவில்லை. போனை எடுத்து வீடியோ கோல் போட்டேன்.

இந்த விளையாட்டை ஆட இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு படகு ஓட்ட ஒருவராலும் முடியாது.

நெடுநேரம் அடித்தது. எடுத்தார். முகம் மட்டும், வழமைபோல.

"என்ன புள்ள, ஆட்டத்துக்குள்ள கோல் எடுக்கிறாய்?"

நான் போனைப் பார்க்கவில்லை. டீவியைப் பார்த்தேன். இரண்டு படகுகள் திரும்பித் துறைக்குப் போய் மீனை இறக்கிவிட்டு, வேறொரு இடத்துக்குப் புறப்பட்டன. மூன்றாவது ஒன்று புதிதாக இறங்கியது.

"உங்கட படகு ஓடுது மச்சான்."

அவருடைய கண் போனை விட்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. டீவியில் படகுகள் அந்தந்த இடத்திலேயே நின்றன.

"இப்ப நிண்டிட்டு" என்றேன். "ஆரு அங்க?"

"புள்ள..."

"ஆரெண்டு கேக்கிறன். போனத் திருப்புங்க."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் போனைத் திருப்பவில்லை. பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரல். எங்கள் ஊர்ப் பேச்சில்லை. வாகரைப் பக்கத்து இழுவை இருந்தது. என் கணவரை அண்ணன் முறையில் 'நானா' என்றது.

"அக்கா, பயப்படாதிங்க. நானாக்கு இப்ப ஒண்டுமில்ல. காயம் ஆறிட்டு."

'காயம்' என்ற சொல் என் காதில் விழுந்து, அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்ன காயம்?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு போனைக் கட்டிலில் சாத்திவைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்து, வலது கையைத் தூக்கிக் காட்டினார். சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் இரண்டு குட்டை மொட்டுகள். தையல் பிரித்த தோல் ரோசா நிறத்தில் பளபளத்தது.

அலுமினியம் அறுக்கிற மெசின். பெருநாளுக்கு முந்திய வாரம். அந்தப் படத்தில் முதுகுக்குப் பின்னால் இருந்தது கட்டுப் போட்ட கை.

நான் முதலில் அழவில்லை. அதைச் சொல்லவேண்டும். முதலில் என் நெஞ்சுக்குள் எழும்பியது 'பொம்பிளை இல்லை' என்ற ஒரு நிம்மதி. ஒரு முழு மூச்சு நேரம் அது இருந்தது. அந்த மூச்சு வெளியே போனபோதுதான் கை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"ஆறட்டும், மறுகா செல்லுவம் எண்டு இரிந்தன்."

"அப்ப இதென்ன? வேற ஆள வெச்சு ஏன் ஆடின?"

"வெள்ளிக்கிழம ஆட்டத்த நிப்பாட்டினா நீ சந்தேகப்படுவாய் எண்டு" என்றார்.

அவர் இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்து 'மதில் கட்டு, வடக்கால வாசல் விடு' என்று சொல்லச் சொல்ல, வாகரையை அடுத்த கதிரவெளிக்காரரான அந்த அறை நண்பர் ஆடியிருக்கிறார். குரல் வெளியே கேட்டுவிடும் என்றுதான் மைக் பழுதாகிப்போனது. படகு வேண்டாம் என்று அவர் சொன்னாராம். நண்பர் கேட்கவில்லையாம்.

போனை வைத்துவிட்டு கேம் பெட்டியின் வயரைக் கழற்றினேன். இனி இது வேண்டாம் என்று துணியால் மூடினேன். ஆத்திரம் ஆர் மேல் என்று எனக்கே பிடிபடவில்லை. கையை வெட்டிய மெசின் மேலா, மறைத்தவர் மேலா, அவருக்குக் கை கொடுத்த அந்த முகம் தெரியாத ஆள் மேலா.

ராத்தாவிடம் சொன்னபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "இத மறைச்சவரு வேற என்னத்த மறைச்சிருப்பாரு? கேளு."

எனக்குக் கோபம் வந்தது. "போதும் ராத்தா" என்று எழும்பி வந்துவிட்டேன். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டமுதல் அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அன்று மாலையே கேட்டேன். இன்னும் இருந்தது. மெசின் வேலைக்கு அவரைத் திரும்ப எடுக்கவில்லை. களஞ்சியத்தில் சாமான் எண்ண விட்டிருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கமாட்டார்கள் என்று சொல்லியும் விட்டார்கள். அதையும் 'மறுகா' சொல்வதாகத்தான் இருந்திருக்கிறார்.

"இன்னும் ஏதும் இரிக்கா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல புள்ள."

அடுத்த மாரி மழை தொடங்குகிற காலத்தில் அவர் வந்துசேர்ந்தார். முதல் நாள் மத்தியானம் சோறு வைத்தேன். ராத்தாவும் இருந்தாள். எல்லோரும் அவருடைய கையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம். பெருவிரலையும் மோதிர விரலையும் சின்ன விரலையும் சேர்த்து, சோற்றை உள்ளங்கைப் பக்கம் இழுத்து, ஒரு புது மாதிரியாக உருட்டிச் சாப்பிட்டார். சிந்தவில்லை. அங்கே தனியாக இருந்து எத்தனை சாப்பாட்டில் இதைப் பழகியிருப்பார் என்று நினைத்தபோதுதான் நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். மீன் பொரியல் எடுக்கப் போனதாகச் சொன்னேன். ராத்தா பின்னால் வந்து தண்ணீர்க் கிளாஸை நீட்டினாள்.

கேம் பெட்டியின் துணியை அவர்தான் எடுத்தார். பொத்தான்களை இடம் மாற்றிவைக்கிற வசதி அதிலேயே இருந்தது. வலது பக்கத்து மேல் பொத்தான்களின் வேலையை இடது கைக்கு மாற்றினார். ஆரம்பத்தில் வீடு கட்டப் போய் ஆட்டை வெட்டுவார், ஆட்டை வெட்டப் போய்ப் படையைக் கலைப்பார். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கப் போனேன். "வாய மூடு, நான் பாக்கிறன்" என்றார். விட்டேன். மெல்ல மெல்ல மதில் எழும்பியது. கோணலாகத்தான்.

கதிரவெளிக்காரர் லீவில் வந்தபோது மனைவியோடு எங்களைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பை நிறையக் கருவாடு. நான் நினைத்திருந்ததைவிடக் கட்டையான, வெட்கப்படுகிற மனிதர். என் முகத்தைப் பார்க்காமல் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கன நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"இவர் வேணாமெண்டு சொல்லியும் ஏன் படகு விட்ட?"

"நானா சொல்றதெல்லாம் செஞ்சன் அக்கா. மதிலெண்டா மதில், வாசலெண்டா வாசல். ஆனா அந்தக் குளத்த சும்மா விட்டிட்டு இரிக்கேலாமப் போச்சு. பதினாறு வயசில இருந்து கடலுக்குப் போனவன். தண்ணியில மீன் துள்ளுறதக் காட்டுறானே, அதப் பாத்துக்கொண்டு எப்பிடி மரம் வெட்டுற?"

அவருடைய மனைவி சிரித்தாள். "இவர் வீட்டில எனக்குத் தேங்காய் திருவித் தரமாட்டார். அங்க இரிந்து உங்களுக்கு வீடு கட்டித் தந்திருக்கார்" என்று என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவில், என் வீட்டு முன்னறையில் இருக்கிற இந்த மனிதர்தான் நான் கண் விழித்துச் சந்தேகப்பட்ட அந்தப் பொம்பிளை என்று நினைத்துப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

இப்போது என் கணவர் இங்கே ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறார். ஜன்னலுக்கு அளவெடுத்துக் கொடுப்பார். அறுக்கிற மெசின் பக்கம் போவதில்லை என்று சொல்கிறார். ஒருநாள் பாலர் பாடசாலை முடிந்து வருகிற வழியில் கடைக்கு முன்னால் நின்று பார்த்தேன். அறுக்கிற சத்தம் வந்தது. சுவரோரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். மெசினில் வேறொருவர் நின்றார். இவர் மேசையில் குனிந்து, அந்த மூன்று விரலால் பென்சிலைப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன, உளவா?" என்றார்.

"ஓம்" என்றேன். "கத்தரிக்காய் வாங்க வந்தன். வீட்டுக்கு நேரத்தோட வாங்க."